எம்ப்ளமேட்டிக்: எங்கே போடலாம், எங்கே கூடாது

ஆங்கிலக் கட்டுரையில் ‘சிம்பாலிக்’ என்று எழுதியதை அடித்துவிட்டு, கம்பீரமாக இருக்கட்டுமே என்று ‘எம்ப்ளமேட்டிக்’ போடுகிறவர்கள் உண்டு. அகராதி இரண்டுக்கும் ‘குறியீடான’ என்று பொருள் சொல்லிவிடுவதால் வரும் வினை.

பேனாவை எடுக்குமுன், எது எதைக் குறிக்கிறது என்று தமிழிலேயே சொல்லிப் பாருங்கள். புறா சமாதானத்தைக் குறிக்கிறது. ஆனால் புறாவுக்குள் சமாதானம் இல்லை. ஒரு கைப்பிடி தானியத்துக்குக் கொத்திக்கொள்ளும் பறவை அது. ஊர் ஒப்புக்கொண்ட வழக்கம், அவ்வளவுதான். இங்கே சிம்பாலிக். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோமே, அந்தப் பருக்கை வேறு கதை. பானையிலிருந்தே எடுத்தது, பானையின் பக்குவத்தைச் சொல்வது. இன்றைய ஆங்கிலத்தில் எம்ப்ளமேட்டிக் பெரும்பாலும் இந்தப் பருக்கைதான். பழைய நூல்களில் புறாவுக்கும் இதைப் போட்டிருப்பார்கள். அது பிழையில்லை, நாம் பின்பற்றவும் வேண்டாம்.

உப்பை எடுத்துக்கொள்வோம். 1930 ஏப்ரல் 6 அன்று தண்டிக் கடற்கரையில் காந்தி அள்ளிய உப்பால் அரசு கஜானா காலியாகவில்லை. சட்டத்தை மீறுகிறோம் என்று ஊரறியச் சொன்ன செயல் அது: சிம்பாலிக். அதே மாதம் வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளியதும் அப்படியே. உப்பு வரி அப்படியல்ல. அது அந்த ஆட்சியின் ஒரு துண்டு. ஏழையின் கஞ்சிக் கலயம்வரை கை நீட்டிய குணம் அதிலேயே தெரிகிறது. ஆகவே, ‘தி சால்ட் டாக்ஸ் வாஸ் எம்ப்ளமேட்டிக் ஆஃப் கலோனியல் ரூல்.’

அந்த ‘ஆஃப்’ முக்கியம். நாம் ‘எதற்கு அடையாளம்’ என்று கேட்டுப் பழகியவர்கள். அந்தக் ‘கு’ உருபு ஆங்கிலத்துக்குள் ‘டு’, ‘ஃபார்’ என்று நுழைந்துவிடும். ‘எதன் அடையாளம்’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆஃப்’ தானே வரும்.

அடுத்து, அடையாள வேலைநிறுத்தம், அடையாள உண்ணாவிரதம். காலையில் பந்தல், மாலையில் பழச்சாறு. பேருக்குச் செய்வது என்ற இந்தப் பொருளுக்கு ‘டோக்கன்’ பொருந்தும் (நமக்கென்னவோ அது ரேஷன் கடைச் சீட்டு), சிம்பாலிக்கும் பொருந்தும். எம்ப்ளமேட்டிக் ஒருநாளும் பொருந்தாது.

இன்னும் சந்தேகமா? அந்த இடத்தில் ‘டிபிக்கல்’ போட்டுப் படியுங்கள். பொருள் கெடாமல், கனம் மட்டும் குறைந்தால் எம்ப்ளமேட்டிக்கைத் தயங்காமல் எழுதலாம். வாக்கியமே உளறினால் சிம்பாலிக்குக்குத் திரும்புங்கள்.

வாய்விட்டுப் படிக்கும்போது அழுத்தம் ‘மே’யில் விழ வேண்டும், ‘எம்’மில் அல்ல.