அரண்மனை இறங்கி வந்த கதை

கேள்வி: பிரான்ஸிலும் ரஷ்யாவிலும் முடியாட்சியை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நம் பக்கத்துச் சமஸ்தானங்களில் அப்படி ஏதும் நடக்கவில்லையா?
– வாசகர், பரமத்தி வேலூர்

பதில்: நடந்தது. உங்கள் ஊருக்குக் காவிரி வரும் வழியில், மைசூரில். மன்னர் ஜெயச்சாமராஜேந்திர உடையார் 1947 ஆகஸ்டில் இந்தியாவோடு இணையக் கையெழுத்திட்டார்; ஆட்சியை மட்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் தரவில்லை. நிர்வாகம் திவான் ஆற்காடு ராமசாமி முதலியார் கையிலேயே இருந்தது. 1938இல் அதே சமஸ்தானத்தின் விதுராஸ்வத்தத்தில் காங்கிரஸ் கொடியேற்றத் திரண்டவர்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டையும் ஜனங்கள் மறக்கவில்லை.

1947 செப்டம்பரில் ‘மைசூர் சலோ’ (மைசூருக்குப் போவோம்) போராட்டத்தைக் காங்கிரஸ் தொடங்கியது. மாணவர்களும் தொழிலாளர்களும் தெருவுக்கு வந்தார்கள். தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அக்டோபரில் அரண்மனை பணிந்தது. கே.சி. ரெட்டி முதலமைச்சரானார்.

பிரான்ஸ் மன்னரின் தலை போயிற்று. ரஷ்யாவில் ஜார் குடும்பத்தையே சுட்டுக் கொன்றார்கள். மைசூரில் போனது மன்னரின் அதிகாரம் மட்டும். கடைசி வரை முரண்டு பிடிக்காமல் இறங்கி வந்ததற்கு அவருக்குப் பலனும் கிடைத்தது: 1964இல் அதே உடையார்தான் அன்று சென்னை மாநிலமாக இருந்த நம் தமிழ்நாட்டுக்கு ஆளுநராக வந்தார்.