தந்தை செய்த சக்கரம்

புதுச்சேரியை அடுத்த சேதராப்பட்டில், மாலையில் தொழிற்பேட்டையிலிருந்து வீடு திரும்பும் தந்தை, களைப்பையும் பொருட்படுத்தாது தம் மக்களின் சிறு மிதிவண்டிக்குக் காற்றடித்துக் கொடுக்கிறார். மக்கள் சூழ்ந்து நின்று மகிழ்கின்றனர். அக்காற்றுச் சக்கரம் உலகில் பரவிய வரலாறும் ஒரு தந்தையின் வரலாறே ஆகும்.

அயர்லாந்துத் தீவிலுள்ள பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் வாழ்ந்தார். அவருடைய இளம் புதல்வனின் மூன்றுசக்கர வண்டியில் கெட்டி இரப்பரே பொருத்தப்பட்டிருந்தது. கரடுமுரடான தெருவில் வண்டி ஓயாது குலுங்கிற்று. தந்தை அதனைக் கண்டு வருந்தினார். 1887ஆம் ஆண்டில், மெல்லிய இரப்பர்த் தகட்டைக் குழாயாக ஒட்டி, மரவட்டு ஒன்றைச் சுற்றி அமைத்து, பந்துக்குக் காற்றடிக்கும் கருவியால் காற்றை நிரப்பினார். பழைய சக்கரத்தையும் புதியதையும் முற்றத்தில் உருட்டினார். பழையது விரைவில் சாய்ந்தது. புதியது நெடுந்தொலைவு ஓடிற்று.

1888இல் டன்லப் காப்புரிமை பெற்றார். ஆனால், 1845இலேயே இராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தமை பின்னர்த் தெரியவந்தது. டன்லப்பின் உரிமை செல்லாதாயிற்று. எனினும், ஏட்டில் உறங்கிய கருத்தைத் தெருவில் ஓடச் செய்தது மகன்மீது அவர் கொண்ட அன்பேயாம்.