அண்டை வீட்டாரின் பூனைக்கு உணவிடலாமா?

சென்ற மாதம் நமது பாட வகுப்பு முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக் கொண்டிருந்த சமயம், ஜாசின் பக்கத்திலிருந்து வரும் சகோதரர் ஒருவர் தயங்கித் தயங்கி ஒரு வினாவைக் கேட்டார். "ஹஜ்ரத், அடுத்த வீட்டுப் பூனைக்கு என் பிள்ளைகள் தினமும் சோறு வைக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியம்மா அதனால் எங்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். வாயில்லாப் பிராணிக்கு உணவிடுவதும் பாவமா?"

சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இரண்டொரு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் அது அத்தனை சுலபமாகத் தீர்க்கும் விஷயமன்று என்பது புலப்பட்டது. ஏனெனில் இந்தக் கேள்விக்குள் பூனையும் இருக்கிறது, அதன் உடைமையாளரும் இருக்கிறார், அண்டை வீட்டாரின் உரிமையும் இருக்கிறது. ஆகவே அன்று சரிவரச் சொல்லாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பூனையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அபூகதாதா (ரலி) அவர்கள் தம் மகனின் வீட்டுக்குச் சென்றபோது, மருமகளான கப்ஷா அவர்கள் ஒளுச் செய்யத் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பூனை வந்து அதில் வாய் வைக்க முயன்றது. பெரியவரோ அதை விரட்டவில்லை; அது வசதியாகக் குடிக்கும்படி பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தார். மருமகள் வியப்போடு பார்ப்பதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவைகளில் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை எடுத்துச் சொன்னார். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இச்செய்தி இடம்பெற்றிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருந்தபோது, அவர்களுக்கென்று வந்த ஹரீஸாவில் ஒரு பூனை வாய் வைத்துவிட்டது. தொழுது முடித்த அன்னையார் பூனை தின்ற அதே இடத்திலிருந்தே எடுத்து உண்டார்கள் என்றும் அபூதாவூதில் காண்கிறோம்.

'சுற்றி வருவது' என்ற அச்சொல்லை நன்கு கவனிக்க வேண்டும். பூனை நாலு வீடு ஏறி இறங்குவது அதன் இயல்பு. உங்கள் வீட்டுப் படியில் அது வந்து உட்காருவதால் அடுத்த வீட்டுக்காரர் அதைப் பட்டினி போடுகிறார் என்று தீர்மானித்துவிடக் கூடாது. வயிறு நிறையத் தின்ற பூனையும் மீன் வறுக்கும் வாசனைக்கு வரத்தான் செய்யும்! இந்தத் தவறான எண்ணத்திலிருந்துதான் பாதிச் சண்டைகள் பிறக்கின்றன.

பூனையைக் கட்டி வைத்துக் கொன்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸைப் பலரும் அறிவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது அது. ஆனால் நாம் அதை அரைகுறையாகவே சொல்லி வருகிறோம். அப்பெண்மீது சொல்லப்பட்ட குற்றம் இரண்டு: உணவளிக்கவில்லை என்பது ஒன்று, பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தானே தேடித் தின்னும்படி விடவும் இல்லை என்பது மற்றொன்று. அடைத்து வைத்தவர் யாரோ அவர்மீதே பொறுப்பு விழுகிறது. ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் கூறும் சட்டமும் இதையொட்டியே உள்ளது. பிராணியை வைத்திருப்பவர் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தே ஆக வேண்டும். மறுத்தால், தீனி கொடு அல்லது விற்றுவிடு என்று அவரைக் கட்டாயப்படுத்த வேண்டும். எனவே பூனையின் பசிக்கு முதற்பொறுப்பு அதை வைத்திருப்பவருடையது. நம் நாட்டின் சட்டமும் இன்று இதைச் சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, பிராணிகளை வதைப்பவருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ மூன்றாண்டுகள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடமுண்டு.

இமாம் நவவீயின் பேச்சு வந்ததால் ஒரு செய்தி. அவர்களுடைய காலத்தில் மிஸ்ரையும் ஷாமையும் ஆண்ட சுல்தான் பைபர்ஸ், கெய்ரோ நகரில் பூனைகளின் பராமரிப்புக்கென்று ஒரு தோட்டத்தையே எழுதி வைத்ததாக எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் வெளியான தம் நூலில் குறித்திருக்கிறார். தோட்டம் பலர் கை மாறிய பின்னரும், காஜியார் வீட்டு முற்றத்தில் அஸர் நேரத்தில் பூனைகளுக்கு உணவு போட்டு வந்தார்களாம். அநியாய வசூல்களுக்காக அந்தச் சுல்தானை நேருக்கு நேர் கண்டித்தவர் நம் இமாம். இருவரும் காலமானது 1277-ஆம் ஆண்டிலேயே. அது நிற்க, பைபர்ஸ் உணவிட ஏற்பாடு செய்தது யாருக்கும் சொந்தமில்லாத பூனைகளுக்கு என்பதை மறக்கலாகாது. தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கித் தண்ணீர் கொண்டுவந்த மனிதருடைய ஹதீஸும் அப்படிப்பட்டதுதான். உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் நற்கூலி உண்டென்று அதிலிருந்து அறிகிறோம். பிறர் உடைமையில் அவரைக் கேளாமல் கை வைக்கலாம் என்று அதிலிருந்து அறிய முடியாது.

இந்த வேறுபாடு நமக்குப் பிடிபடாமற் போனதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நம்மில் பலருடைய பெற்றோர் தோட்டங்களில் லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்கள். பத்து வீட்டுக்கு ஒரே கூரை, ஒரே நீண்ட வாசல். அங்கே பூனை யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. எலித் தொல்லை தீர்ந்தால் போதும் என்று இருந்தார்கள். மீன் குழம்பில் பிசைந்த மிச்சச் சோற்றை எந்த வீட்டுப் பெண்மணி கொட்டாங்கச்சியில் வைத்தாலும் அது தின்னும்; எந்த வீட்டு அடுப்படியிலாவது குட்டி போடும். அந்தப் பூனை லயத்துப் பூனை. அதற்கு உணவிட யாரிடம் அனுமதி கேட்பது?

அந்தப் பழக்கத்தோடுதான் நாம் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தோம். இங்கே வேலி உண்டு, கதவு உண்டு. பூனைக்கும் கழுத்தில் பட்டை உண்டு. காசு செலவழித்துக் கால்நடை மருத்துவரிடம் ஊசி போட்டு, கருத்தடை செய்து, பெயர் வைத்து வளர்க்கிறார்கள். மாற்றம் நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பல்லாண்டுகளாகப் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பரில்தான் அதை நீக்கி, வீட்டுக்கு இரண்டு பூனைகள், உரிமமும் வேண்டும் என்று விதி செய்தார்கள். பூனைக்கு உரிமையாளர் இன்னார் என்பது பதிவேட்டிலேயே ஏறிவிட்டது. லயத்து நியாயத்தைத் தாமானில் பேசினால் வம்புதான் வரும்.

இனி அந்தப் பெரியம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். சகோதரரின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். மறுவாரம் நானே அங்கு சென்று விசாரித்தேன். பிள்ளைகள் வெளியூரில், அம்மையார் தனியே இருக்கிறார். அந்தக் கடுவன் பூனை ஒன்றே வீட்டில் அவருக்குப் பேச்சுத் துணை. சில மாதங்களுக்கு முன் அதற்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை குறுகல். மணல் போன்ற துகள் அடைத்தால் இரண்டு மூன்று நாட்களில் உயிரே போய்விடும். மருத்துவர் பிழைக்க வைத்து, அதற்கென்றுள்ள உணவைத் தவிர வேறெதுவும் கொடுக்கலாகாது என்று கண்டித்து அனுப்பியிருக்கிறார். அந்த உணவின் விலையோ அம்மையாருக்குப் பெருஞ்சுமை. அவர் அளந்து வைத்ததை முகர்ந்து பார்த்துவிட்டு, பூனை வேலி தாண்டி வறுத்த கானாங்கெளுத்திக்குப் போய்விடும். இரண்டாம் முறையும் அடைத்துக்கொண்டது. "என் கையில் தின்னாமல் போகிறதே என்பதுகூட எனக்குப் பெரிதில்லை, தம்பி. அது செத்துப் போனால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவேன்?" என்று அவர் கேட்டபோது, வகுப்பில் சிரித்தது நினைவுக்கு வந்து எனக்குத் தலை குனிந்தது.

சகோதரரின் பிள்ளைகளுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் செய்தது இரக்கத்தினால்தான். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அண்டை வீட்டாருக்கும் கொடுக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அந்த வீட்டுப் பூனைக்குத் தினமும் மீன் போனது. பெரியம்மாவுக்கு ஒரு கிண்ணம் குழம்பு போகவில்லை.

இந்த உரிமை முஸ்லிமான அண்டை வீட்டாருக்கு மட்டும் என்று எவரும் நினைக்க வேண்டாம். 1748-இல் எழுந்த நம் கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1781-இல் அமைந்த பொய்யாத விநாயகர் ஆலயத்துக்கும் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயிலுக்கும் அருகில்தான் நிற்கிறது. இரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரே தெருவில் பூனைகளும் அங்கே சுற்றி வந்திருக்கும். சீனர் வீட்டுப் பூனையானாலும் மலாய்க்காரர் வீட்டுப் பூனையானாலும் கேட்டுக் கொடுப்பதே முறை.

கேட்க ஆளில்லாதபோது என்ன செய்வது என்று ஒருவர் வினவினார். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள், பூனை ஒட்டிய வயிற்றோடு கத்துகிறது என்றால் தாமதியாமல் கொடுங்கள். அதற்குச் செலவிட்டது உங்கள் தர்மம். திரும்பி வந்தவரிடம் கணக்குக் காட்டிக் கேட்க வேண்டாம். பூனை யாருடையது என்றே தெரியாவிட்டால், ஒரு காகிதத் துண்டில் 'இதற்கு உரிமையாளர் உண்டா?' என்று எழுதி, எளிதில் அறுந்துவிடும்படி கழுத்தில் தளர்வாகச் சுற்றி அனுப்பலாம். பதில் அடுத்த நாளே வந்துவிடும். எதைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுக்கும். ஆகவே குழம்புச் சோறு வேண்டாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்காகும். முள் நீக்கிய வெந்த மீனும் சுத்தமான தண்ணீரும் போதும்.

ஆனால் உணவு காட்டிப் பழக்கி, பூனையைத் தம் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டு, "அதுவாக வந்தது" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உடைமையாளர் தேடுகிறார் என்று தெரிந்தும் கதவைச் சாத்திக்கொள்வது கஸ்பு, அதாவது அபகரிப்பு. எத்தனை மாதம் சோறு போட்டாலும் அதனால் உடைமை மாறிவிடாது. பூனைக்கு உங்களைப் பிடித்திருக்கிறது என்பது சாட்சியாகாது.

அந்தச் சகோதரர் தம் மகனோடு பெரியம்மாவின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். இப்போது பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பையன் அங்கே போகிறான். அம்மையார் அளந்து கொடுப்பதை அவர் வாசலிலேயே வைக்கிறான். மீன் வறுக்கும் நேரத்தில் சகோதரரின் வீட்டுப் பின்கதவைச் சாத்தி வைக்கிறார்கள். பூனை வெளியே நின்று கத்துகிறதாம்.