எத்தனை வோல்ட்? படித்துப் பார்த்து இணைப்போம்

உங்கள் வீட்டில் செல்போன் சார்ஜர் இருக்கிறதா? அதைப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். திருப்பிப் பாருங்கள். அதன் மேல் சின்னச் சின்ன எழுத்துகள் தெரிகின்றன. எண்களும் தெரிகின்றன. எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு எதைப் பார்த்தாலும் படிக்கத் தோன்றுகிறது அல்லவா? இதையும் படிப்போம். இந்த எண்கள் ஒரு பொருளைக் காப்பாற்றும். சில நேரம் ஓர் உயிரையும் காப்பாற்றும்.

பிள்ளைகள் கொண்டு வரும் போர்டு

இப்போது பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஒரு சின்னப் போர்டை வீட்டுக்குக் கொண்டு வருகிறார்கள். அது உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதன் மேல் பூச்சிக்குக் கால்கள் இருப்பது போல, கம்பிக் கால்கள் கொண்ட கறுப்புச் சில்லு இருக்கும். அந்தச் சில்லின் பெயர் மைக்ரோகன்ட்ரோலர். நாம் என்ன சொல்லி வைக்கிறோமோ அதை அது செய்யும். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மணி அடிக்கும். மண் காய்ந்தால் விளக்கு காட்டும்.

நிதி ஆயோக் என்ற மத்திய அரசு அமைப்பு 2016ஆம் ஆண்டு அடல் புதுமைத் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் லேப் அமைத்தார்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் அங்கே இந்தப் போர்டுகளை வைத்துப் பழகுகிறார்கள். ஆர்டுயினோ என்ற போர்டு பலருக்கும் தெரியும். அது 2005ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் மாணவர்களுக்காக உருவானது.

நம் பக்கத்துப் பெண்களுக்கும் இந்த வேலை புதிது அல்ல. சத்தியவேடு அருகே ஸ்ரீசிட்டி இருக்கிறது. 2015ஆம் ஆண்டு அங்கே செல்போன் பூட்டும் வேலை தொடங்கியது. அந்த வேலைக்குச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். செல்போனுக்குள் இருப்பதும் இது போன்ற போர்டுதான்.

பிள்ளை போர்டைக் கொண்டு வந்ததும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: "அம்மா, இதற்குக் கரண்ட் எங்கிருந்து கொடுப்பது?" இந்தக் கேள்விக்கு நாம் சரியான பதில் சொல்ல வேண்டும்.

வோல்ட் என்றால் என்ன?

மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருந்தால் குழாயில் தண்ணீர் வேகமாக விழும். தொட்டி தாழ்வாக இருந்தால் மெதுவாக விழும். தண்ணீரைத் தள்ளும் இந்த அழுத்தம் போல மின்சாரத்துக்கும் ஓர் அழுத்தம் உண்டு. அதை வோல்ட் என்ற அளவால் சொல்கிறோம்.

குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது வேறு கணக்கு. அது போல, கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பதை ஆம்பியர் என்ற அளவால் சொல்கிறோம்.

வோல்ட் என்பது தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் அளவு. இந்த இரண்டையும் மனதில் வையுங்கள்.

படிப்படியாக இறங்கும் மின்சாரம்

அலிபிரியிலிருந்து திருமலைக்குப் போகும் நடைபாதையில் ஏறக்குறைய 3,550 படிகள் உண்டு. திரும்பும்போது ஒவ்வொரு படியாக இறங்குகிறோம். மேலிருந்து குதித்தால் என்ன ஆகும்? மின்சாரமும் அப்படித்தான். அதுவும் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

வயலில் நிற்கும் பெரிய இரும்புக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் சிலவற்றில் 1,32,000 வோல்ட் மின்சாரம் போகிறது. துணை மின் நிலையத்தில் அது 33,000 வோல்ட்டாக இறங்குகிறது. அடுத்த நிலையத்தில் 11,000 வோல்ட் ஆகிறது. தெருவில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதை இன்னும் இறக்குகிறது. நம் வீட்டு பிளக்குக்கு 230 வோல்ட் வருகிறது. நகரியிலும் புத்தூரிலும் ஓடும் விசைத்தறிகளுக்கும் மின்சாரம் இப்படித்தான் இறங்கி வருகிறது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இந்த மின்சாரத்தை வீடுகளுக்குக் கொடுப்பது ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் விநியோகக் கம்பெனி. அதன் தலைமை அலுவலகம் திருப்பதியில் இருக்கிறது.

230 வோல்ட் வரை இறக்குவது மின்வாரியத்தின் வேலை. அதன் பிறகு இறக்குவது நம் பொறுப்பு. சார்ஜர் 230 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்குகிறது. சில போர்டுகள் அதையும் 3.3 வோல்ட்டாக இறக்கிக்கொள்கின்றன. ஒரு படியைத் தவறவிட்டால் போர்டு கருகிவிடும்.

சார்ஜரைப் படிப்போம்

நம் இரவு வகுப்பில் ஓர் அக்கா கேட்டார்: "எனக்குத் தமிழ்தானே தெரியும்? சார்ஜரில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறார்களே?"

கவலை வேண்டாம். எண்கள் எல்லாருக்கும் பொதுவானவை. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள்.

இரண்டு சாய்ந்த கோடுகள் கீழே ஒன்று சேர்ந்தால் அது வோல்ட்.

இரண்டு சாய்ந்த கோடுகள் மேலே ஒன்று சேர்ந்து, நடுவில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் அது ஆம்பியர். பார்ப்பதற்குக் கூரை வீடு போல இருக்கும்.

அலை போன்ற கோடு இருந்தால் அது வீட்டு பிளக்கில் வரும் மின்சாரம். இதை ஏசி என்பார்கள்.

ஒரு நேர்கோடும் அதன் கீழே மூன்று சின்னக் கோடுகளும் இருந்தால் அது பேட்டரி தருவது போன்ற மின்சாரம். இதை டிசி என்பார்கள். போர்டுக்கு டிசிதான் வேண்டும்.

சார்ஜரில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று இன்புட். அது உள்ளே வாங்கும் மின்சாரம். பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும். இன்னொன்று அவுட்புட். அது வெளியே தரும் மின்சாரம். 5 வோல்ட், 2 ஆம்பியர் என்பது போல இருக்கும். போர்டுக்கு நாம் பார்க்க வேண்டியது அவுட்புட் வரியை.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். முத்திரை இல்லாத மலிவுச் சார்ஜரை நம்பக் கூடாது. உள்ளே தடுப்பு சரியில்லை என்றால் 230 வோல்ட் நேரே வெளியே வந்துவிடலாம்.

வோல்ட் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது

5 வோல்ட் கேட்கும் பொருளுக்கு 5 வோல்ட்தான் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கொடுத்தால் அது கெட்டுவிடும்.

ஆம்பியர் அப்படி அல்ல. குடத்தில் நிறைய தண்ணீர் இருக்கிறது என்பதற்காக நாம் எல்லாவற்றையும் குடிப்பதில்லை. தாகத்துக்குத் தக்கபடி குடிக்கிறோம். போர்டும் அப்படித்தான். சார்ஜரில் 2 ஆம்பியர் என்று இருந்தாலும் போர்டு தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆனால் போர்டுக்குத் தேவையானதை விடக் குறைவாக இருந்தால் வேலை நடக்காது. சார்ஜர் சூடாகும்.

எந்தப் போர்டுக்கு எவ்வளவு?

ஆர்டுயினோ யூனோ என்ற போர்டு 5 வோல்ட்டில் வேலை செய்கிறது. கம்ப்யூட்டரில் செருகும் யூஎஸ்பி வயர் மூலம் 5 வோல்ட் கொடுக்கலாம். பழகுபவர்களுக்கு இதுவே நல்ல வழி. அந்தப் போர்டில் ஒரு வட்டத் துளையும் உண்டு. அதில் 7 முதல் 12 வோல்ட் வரை டிசி கொடுக்கலாம். போர்டே அதை 5 ஆக இறக்கிக்கொள்ளும். மிச்ச அழுத்தம் சூடாக மாறிப் போகும். அதனால் 12 வோல்ட்டை விட 9 வோல்ட் நல்லது.

இஎஸ்பி32 என்பது வேறு ஒரு சில்லு. இது 3.3 வோல்ட்டில் வேலை செய்கிறது. இதன் கால்களில் 5 வோல்ட் பட்டால் சில்லு கெட்டுவிடலாம்.

பேட்டரியும் சோலார் தகடும்

ஒரு தாயும் மகளும் பேசுவதைக் கேளுங்கள்.

"அம்மா, மாமாவோட டிராக்டர் பேட்டரி 12 வோல்ட்தானே? போர்டுக்குக் கொடுக்கலாமா?"

"வேண்டாம் கண்ணு. இன்ஜின் ஓடும்போது அது 14 வோல்ட்டுக்கு மேலே போகும். வயர் ரெண்டும் ஒட்டிக்கிட்டா தீப்பொறி பறக்கும்."

"அப்போ மாடியில இருக்கிற சோலார் தகடு? அதுலயும் 12னுதான் போட்டிருக்கு."

"நல்ல வெயில்ல அது 20 வோல்ட்டுக்கு மேலேயும் கொடுக்கும். நடுவுல கன்ட்ரோலர் இல்லாம எதுலயும் மாட்டக் கூடாது."

"டார்ச் செல்லு?"

"ஒரு செல் ஒன்றரை வோல்ட். மூணு செல் வரிசையா வெச்சா எவ்வளவு? நீயே கணக்குப் போட்டுச் சொல்லு."

அந்தத் தாய் சொன்னது சரி. 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் எப்போதும் 12தான் வரும் என்று சொல்ல முடியாது. மல்டிமீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகே இணைக்க வேண்டும். செல்போனில் உள்ளது போன்ற லித்தியம் பேட்டரியின் அளவு 3.7 வோல்ட். முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். உப்பிய லித்தியம் பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாது. அது தீப்பிடிக்கும்.

5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் சந்தித்தால்

தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு சின்னக் கருவி உண்டு. அது வௌவால் போல ஒலி அனுப்பி, திரும்பி வரும் ஒலியைக் கேட்டுத் தூரம் சொல்லும். அதில் பல கருவிகள் 5 வோல்ட்டில் பதில் சொல்கின்றன. அந்தப் பதிலை 3.3 வோல்ட் போர்டுக்கு நேரே கொடுக்கக் கூடாது. இறக்கிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு ரெசிஸ்டர் என்ற இரண்டு சின்னப் பொருள்கள் போதும். ஒன்று 1,000 ஓம். மற்றது 2,000 ஓம். ரெசிஸ்டரின் அளவை நிறக் கோடுகளால் குறிப்பார்கள். பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று வந்தால் 1,000. சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று வந்தால் 2,000. நான்காவது கோடு பெரும்பாலும் தங்க நிறத்தில் இருக்கும்.

இரண்டையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேருங்கள். 1,000 ஓமின் வெளி முனையைக் கருவியின் பதில் வரும் காலில் இணையுங்கள். 2,000 ஓமின் வெளி முனையை மைனஸில் இணையுங்கள். இரண்டும் சேரும் நடு இடத்திலிருந்து போர்டுக்கு வயர் கொடுங்கள். 5 வோல்ட் மூன்று பங்காகப் பிரியும். போர்டுக்கு இரண்டு பங்கு போகும். அது ஏறக்குறைய 3.3 வோல்ட். கருவியின் மைனஸும் போர்டின் மைனஸும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வேண்டும். இது பதிலை இறக்கும் வழி மட்டுமே. போர்டுக்கு மின்சாரம் கொடுக்க இந்த வழி உதவாது.

மோட்டாரைப் போர்டின் காலில் கட்டாதீர்கள்

யூனோ போர்டின் ஒரு கால் 20 மில்லி ஆம்பியர் வரை கொடுத்தால் நல்லது. ஒரு சின்ன விளக்குக்கு அது போதும். பொம்மை மோட்டாருக்குக் கூட அது போதாது. மோட்டாருக்குத் தனி பேட்டரி வேண்டும். நடுவில் டிரான்சிஸ்டர் அல்லது ரிலே வேண்டும்.

சிலர் ரிலே வைத்து வயல் பம்புசெட்டையே ஓட்டிப் பார்க்க நினைக்கிறார்கள். பம்புசெட்டுக்கு வரும் மூன்று பேஸ் மின்சாரம் ஏறக்குறைய 400 வோல்ட். ஈரக் கையும் ஈர மண்ணும் உள்ள இடம் அது. அந்த வேலை பிள்ளைகளுக்கு அல்ல. உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

ஆபத்து வந்தால்

வீட்டில் யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியவில்லை என்றால் உலர்ந்த பலகை மேல் நின்று, உலர்ந்த கட்டையால் அவரை வயரிலிருந்து தள்ளுங்கள். உடனே 108க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லை என்றால், மார்பை அழுத்தும் முதலுதவி தெரிந்தவர் அதைச் செய்ய வேண்டும்.

தெருவிலோ வயலிலோ கம்பி அறுந்து விழுந்தால் கட்டையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். தூரத்தில் நில்லுங்கள். மற்றவர்களையும் ஆடு மாடுகளையும் நெருங்க விடாதீர்கள். 1912க்குப் போன் செய்யுங்கள்.

நினைவில் வையுங்கள்

1. முதலில் படியுங்கள். பிறகு அளந்து பாருங்கள். அதன் பிறகு இணையுங்கள்.
2. வயரை மாற்றும்போது மின்சாரத்தை நிறுத்துங்கள்.
3. சிவப்பு வயர் பிளஸ், கறுப்பு வயர் மைனஸ் என்பது வழக்கம். ஆனாலும் சரிபாருங்கள்.
4. ஏதாவது சூடானாலோ நாற்றம் வந்தாலோ உடனே நிறுத்துங்கள்.
5. 230 வோல்ட் விளையாட்டுக்கு அல்ல.

பயிற்சி

1. உங்கள் வீட்டுச் சார்ஜரின் அவுட்புட் வரியைப் பாருங்கள். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று நோட்டில் எழுதுங்கள்.
2. ஒரு செல் 1.5 வோல்ட். 3 செல்களை வரிசையாக வைத்தால் எத்தனை வோல்ட்? 4 செல்களை வைத்தால் எத்தனை வோல்ட்?
3. போர்டுக்கு வேண்டியது 5 வோல்ட், அரை ஆம்பியர். கடையில் இரண்டு சார்ஜர்கள் இருக்கின்றன. ஒன்று 5 வோல்ட், 2 ஆம்பியர். மற்றது 12 வோல்ட், அரை ஆம்பியர். எதை வாங்குவீர்கள்? ஏன்?
4. இந்தப் பாடத்தை வீட்டில் உள்ள பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். பிள்ளையின் போர்டுக்கு எத்தனை வோல்ட் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள்.