பனியில் தூங்கும் கேமரா

கேள்வி: பனிமலைக்குப் போய் வீடியோ எடுப்பவர்கள் இரவில் கேமராவை உள்ளே கொண்டுவராமல் வெளிக்குளிரிலேயே விட்டுவிடுவார்களாமே, நிஜமா? எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

பதில்: நிஜம்தான். கேமராவுக்குக் குளிரைவிடக் கதகதப்புதான் பெரிய ஆபத்து. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டு விவரமாக எழுதிவைத்தவர் ஹெர்பர்ட் பாண்டிங். கேப்டன் ஸ்காட் 1910-ல் தென்துருவப் பயணம் கிளம்பியபோது கூடப் போன புகைப்படக்காரர். கையால் சுற்றும் சினிமா கேமராவும் கொண்டுபோயிருந்தார்.

அண்டார்க்டிகாவில், கேப் எவன்ஸில் இருந்த மரக்குடிலுக்குள் அடுப்பு எரியும். வெளியே விறைத்துப்போன கேமராவை உள்ளே கொண்டுவந்தால், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் மாதிரி லென்ஸ், பற்சக்கரம் எல்லாம் வியர்க்கும். மறுபடி வெளியே போனதும் அந்த ஈரம் பனிக்கட்டியாகிவிடும். ஆகவே கேமராவைப் பெட்டியோடு வெளியிலேயே வைத்தார். எண்ணெய் உறைந்து இயந்திரம் இறுகிவிடும் என்பதால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு கிராஃபைட் போட்டார் (பென்சில் முனையில் இருக்கும் அதே சரக்குதான்). ஃபிலிம் மாட்டும்போது மட்டும் கையுறையைக் கழற்றியே ஆகவேண்டும்; விரல் நுனிகள் பாடு திண்டாட்டம்.

ஒருமுறை ஃபோகஸ் பார்த்தபடியே உதட்டை நாவால் தடவியிருக்கிறார். நாக்கு நுனி கேமராவின் உலோகத்தில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. வெடுக்கென்று இழுத்ததில் தோல் அங்கேயே தங்கிவிட்டது. வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொள்ளும் அளவுக்கு ரத்தம்! இத்தனை பாடுபட்டு எடுத்தவைதான் 1924-ல் ‘தி கிரேட் ஒயிட் சைலன்ஸ்’ என்ற மௌனப் படமாக வந்தன. ஸ்காட் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1912-லேயே, துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோனார்.

இன்றைய வீடியோ கேமராவில் ஃபிலிம் தொல்லை இல்லை, பாட்டரி தொல்லை உண்டு. லித்தியம் பாட்டரிக்குள் நடக்கும் வேதிவினை குளிரில் மந்தமாகிவிடும். நன்றாக சார்ஜ் ஏற்றியதுகூடத் திடீரென்று ‘காலி’ என்று காட்டும். சூடு பட்டால் மிச்ச சார்ஜ் திரும்பி வரும். அதனால் உபரி பாட்டரி சட்டையின் உள்பாக்கெட்டில் இருக்கும், கேமரா வெளியே இருக்கும். உள்ளே கொண்டுவந்தே தீரவேண்டும் என்றால், வெளியில் நிற்கும்போதே பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், கேமரா தப்பும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்காதீர்கள். எடுத்ததை உடனே பார்க்கத் துடிப்பவர்கள், பையில் போடுவதற்கு முன்பே மெமரி கார்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம்.