இரண்டையும் சேர்த்தே படிக்கட்டும்

கேள்வி: பி.யூ.சி. முடித்த என் மகள், ஆங்கில இலக்கியத்தோடு பழைய நாகரிகங்களையும் படிக்க வேண்டும் என்கிறாள். ஒன்றோடு ஒன்று ஒட்டுமா? – ஒரு வாசகி, ஸ்ரீராம்புரம், பெங்களூரு

நன்றாகவே ஒட்டும் அம்மா. பண்டைய கிரேக்கக் கவி ஹோமரைத் தெரியாமல் ஜாய்ஸின் ‘யுலிசஸ்’ நாவல் பாதிதான் புரியும். பிரிட்டனில் இரண்டையும் ஒரே பட்டமாகவே தருகிறார்கள். இங்கே பி.ஏ.வில் வரலாறும் ஆங்கில இலக்கியமும் சேர்ந்த பிரிவைத் தேடுங்கள். மொழிப்பாடமாகத் தமிழ் கிடைக்கிறதா என்று கல்லூரியில் கட்டாயம் கேளுங்கள்.

தமிழை ஏன் சொல்கிறேன் என்றால், ஏ.கே. ராமானுஜனை நினைத்துத்தான். 1929-இல் மைசூரில் பிறந்தவர்; வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், உங்கள் மகளைப் போலவே. மைசூரில் ஆங்கில இலக்கியம் படித்தார். 1962-இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடப் போனவர் கையில், உ.வே.சா. 1937-இல் பதிப்பித்த குறுந்தொகை கிடைத்தது. அலமாரிகளுக்கு நடுவே தரையிலேயே உட்கார்ந்து புரட்டினார். உரை தெளிவாகப் புரிந்தது அவருக்கே வியப்பு. அதிலிருந்து பிறந்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967-இல் வெளிவந்து, சங்கக் கவிதையை உலகம் படிக்க வைத்தது. ஆங்கிலக் கவிதையின் பயிற்சி இல்லாமல் அது நடந்திருக்காது.

வேலை? ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், அருங்காட்சியகம் எல்லாம் உண்டு. பயப்படாதீர்கள்.

மகள் சிகாகோ போக வேண்டாம். ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, அல்சூரில் இறங்கினால் பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம். இந்த ஞாயிறே அழைத்துப் போங்கள்.