நம்பிக்கைகளும் உண்மைகளும்: ‘முழுக்க இரும்பு’ வண்டி

ஆகஸ்ட் மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரை ஒட்டிய உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். 1995இல் தொடங்கிய இந்த ‘உட்வர்ட் ட்ரீம் குரூஸ்’ விழாவுக்கு மக்கள் மடக்கு நாற்காலியோடு வந்து சாலையோரம் இடம்பிடிப்பார்கள். போன்டியாக் ஜிடிஓ, ஷெவர்லே ஷெவெல், டாட்ஜ் சார்ஜர், பிளிமத் பாரகுடா என்று ‘மசில் கார்’ வகையின் பேர்போன வண்டிகளெல்லாம் வி8 எஞ்சின் உறும நகர்ந்து போகும். அங்கே நிற்பவருக்கு ஆசை வருவது இயல்பு. வீட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாத பத்து வயது டொயோட்டா கேம்ரி நிற்கிறது. அதைக் கொடுத்துவிட்டு 1966 மாடல் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தால் என்ன?

ஆசையில் தப்பே இல்லை. அந்த ஆசைக்கு முட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் பொய்தான் ஆபத்து. விற்கிறவர் சொல்வார், வாங்குகிறவர் மனைவியிடம் சொல்வார், மச்சான் தலையாட்டுவார்: “அந்தக் காலத்து வண்டி முழுக்க இரும்பு. இப்போது வருவதெல்லாம் தகர டப்பா. மோதினால் எதிரில் வருகிறவனுக்குத்தான் சேதம்.”

இதைவிடத் தவறான ஒரு பேச்சு மோட்டார் உலகில் கிடையாது. ஐம்பது வருடமாக உயிர்களைக் காப்பாற்றிய பொறியியல் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் தூக்கி எறிகிற பேச்சு இது. பிள்ளைகளைப் பின்சீட்டில் உட்காரவைத்து ஓட்டப்போகிற மனிதர் இதை நம்பிப் பணம் கொடுக்கிறார் என்பதால், இதைப் பொறுத்துக்கொண்டு போக முடியாது.

நம்பிக்கையைச் சோதித்தும் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவின் ஐஐஎச்எஸ் என்பது காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1959இல் தொடங்கப்பட்டது. தன் 50ஆம் ஆண்டையொட்டி 2009இல் அது வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள தன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஷெவர்லே கார்களை நேருக்கு நேர் மோதவிட்டது. ஒன்று 1959 பெல் ஏர், மற்றது 2009 மாலிபு. இரண்டுக்கும் வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். மோதல் முழு முகப்பிலும் அல்ல. சாலையில் பெரும்பாலும் நடப்பதுபோல ஓட்டுநர் பக்கத்தில் ஒரு பகுதி மட்டும்.

பெல் ஏரின் கூரைத் தூண் மடங்கியது. டாஷ்போர்டும் ஸ்டியரிங்கும் ஓட்டுநர் இடத்துக்குள் வந்தன. உட்காரும் அறையே நசுங்கியது. உள்ளே இருந்த பொம்மை மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முன்பகுதி சப்பளிந்தது. ஆனால் ஓட்டுநர் அறை அப்படியே நின்றது. அவருக்குக் காலில் அடிபட்டிருக்கும், அவ்வளவுதான்.

அந்தக் காணொளி வெளிவந்ததும் அடுத்த வதந்தி கிளம்பியது: பெல் ஏரின் எஞ்சினைக் கழற்றிவிட்டுத்தான் மோதவிட்டார்கள் என்று. அதுவும் பொய். ஆறு சிலிண்டர் எஞ்சின் வண்டிக்குள்தான் இருந்தது. மோதும்போது பறந்த செம்புழுதியைக் காட்டி, வண்டி துருப்பிடித்து உளுத்துப்போனது என்று வாதாடியவர்களும் உண்டு. கொஞ்சம் நியாயமான மறுப்பு ஒன்றுதான் இருக்கிறது. 1958 முதல் 1964 வரை ஷெவர்லே தன் பெரிய கார்களில், பெல் ஏர் உட்பட, பயன்படுத்திய எக்ஸ் வடிவச் சேஸிஸுக்குப் பக்கவாட்டில் தாங்கும் சட்டம் கிடையாது. சரி, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் சேஸிஸ் வேறாக இருந்த அந்தக்கால வண்டிகளிலும் மற்ற ஓட்டைகள் எல்லாம் அப்படியேதான் இருந்தன.

கணக்காகவே பார்க்கலாம். மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதுவது, 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்தாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகம் எப்படியும் பூஜ்யத்துக்கு வந்தாக வேண்டும். 30 சென்டிமீட்டருக்குள் நின்றால் உடல்மேல் விழும் விசை அதன் எடையைப்போல 50 மடங்குக்கு மேல். 90 சென்டிமீட்டரில் நின்றால் சுமார் 18 மடங்கு. முன்பகுதி நசுங்குவது அந்த 60 சென்டிமீட்டரைச் சம்பாதித்துக் கொடுப்பதற்காகத்தான். நசுங்க வேண்டியது நசுங்க வேண்டும், மனிதர் இருக்கும் அறை நசுங்கக் கூடாது என்ற இந்த யோசனைக்கு மெர்சிடிஸ் பொறியாளர் பேலா பாரென்யி 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். “தகர டப்பா” என்று கேலி செய்யப்படுவது இந்த யோசனையைத்தான்.

‘கனமான இரும்பு’ என்பதாவது உண்மையா? 1965 ஃபோர்டு மஸ்டாங்கின் எடை சுமார் 1,300 கிலோ. 2024 மஸ்டாங் ஜிடி 1,700 கிலோவுக்கு மேல். கனம் புதியதில்தான் இருக்கிறது.

அந்தப் பழைய மஸ்டாங்கின் டிக்கியைத் திறந்து பார்ப்பவர்கள் தரையில் தட்டிப் பார்க்க வேண்டும். அது தரை அல்ல, பெட்ரோல் டாங்கின் மேற்பகுதி. 1970 வரை வந்த மஸ்டாங்குகளின் அமைப்பு அதுதான். பின்னாலிருந்து பலமாக ஒரு லாரி மோதினால் பெட்ரோலுக்கும் பயணிகளுக்கும் நடுவே பின்சீட்டைத் தவிரச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. 1960களின் நடுப்பகுதி வண்டிகளில் ஸ்டியரிங் தண்டு மடங்காத ஒரே இரும்புக் கம்பி. முன்பகுதி உள்ளே வந்தால் அது நேராக ஓட்டுநரின் மார்புக்கு வரும். 1966 வரையிலான வண்டிகள் பெரும்பாலானவற்றில் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே குழாய்வழி. ஓர் இடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. டிரம் பிரேக் மலைச் சரிவில் சூடேறினால் பிடிப்பு விட்டுவிடும். சீட்டுக்கு ஹெட்ரெஸ்ட் கிடையாது.

இவையெல்லாம் தானாகச் சரியாகவில்லை. 1965இல் வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் கார்களின் ஆபத்தைப் பற்றி எழுதிய புத்தகம் நாட்டைக் கொதிக்கவைத்தது. 1966 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1968 ஜனவரி முதல் மோதலில் மடங்கும் ஸ்டியரிங் தண்டும், முன்சீட்டுக்குத் தோள் பட்டையும் கட்டாயமாயின, 1969இல் ஹெட்ரெஸ்ட். 1966இல் அமெரிக்காவில் வண்டிகள் ஓடிய ஒவ்வொரு 10 கோடி மைலுக்கும் சுமார் 5.5 பேர் செத்தார்கள். 2019இல் அது சுமார் 1.1. சாலையும் மருத்துவமும் மேம்பட்டதற்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் ‘இரும்பு வண்டி’ காலத்தில் ஓடிய தூரக் கணக்கில் ஐந்து மடங்கு பேர் செத்தார்கள் என்பதை எந்த மச்சானும் மறுக்க முடியாது.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? பார்க்கிங்கில் இடிக்கும்போது பழைய வண்டியின் குரோம் பம்பரில் ஒரு கீறலும் விழாது; புதிய வண்டியின் பிளாஸ்டிக் பம்பருக்கு ஆயிரம் டாலர் பில் வரும். அது உண்மை. வண்டிக்குச் செலவு வைக்காத பம்பர் வேறு, மனிதரைக் காக்கும் அமைப்பு வேறு. இன்னொன்று, “எங்கப்பா இதே வண்டியில் மோதி ஒன்றும் ஆகாமல் வந்தார்” என்று சொல்ல, பிழைத்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். மற்ற அப்பாக்களின் கதையை இப்படிப் பெருமையாகச் சொல்ல ஆள் இல்லை.

மீதி நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை.

நம்பிக்கை: பழைய எஞ்சின் சக்திக்கு இன்றைய வண்டி பக்கத்தில் நிற்காது.
உண்மை: 1971 வரை விளம்பரங்களில் போட்டது மொத்தக் குதிரைத்திறன். எஞ்சினைத் தனியே மேடையில் ஏற்றி, சைலன்சர் போன்ற சுமைகள் இல்லாமல் அளந்த எண் அது. 1972இல் எல்லாச் சுமையோடும் அளக்கும் நிகரக் கணக்கு வந்தது. ஷெவெலின் 7.4 லிட்டர் எல்எஸ்5 எஞ்சின் 1971இல் 365 என்று விற்றது, 1972இல் 270 ஆனது. 2018 மாடல் வி6 கேம்ரி 3.5 லிட்டரில் நிகரமாக 301 தருகிறது. ஆக்சிலரேட்டரைத் தொட்டதும் வரும் அந்த இழுவை மட்டும் பெரிய எஞ்சினுக்கே உரியது. அதை யாரும் மறுக்கவில்லை.

நம்பிக்கை: விலை ஏறிக்கொண்டே போகும், இது முதலீடு.
உண்மை: 1971 பிளிமத் ஹெமி குடா (பாரகுடாவின் உச்ச வகை) திறந்த கூரை வண்டி ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த ஆண்டு அப்படி மொத்தம் 11 வண்டிகள்தான் செய்யப்பட்டன. ஆறு சிலிண்டர் பாரகுடாவை விற்பவர் அந்த ஏலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கிளம்பிவிடுவது நல்லது.

நம்பிக்கை: ஷெவர்லேயின் ‘எஸ்எஸ்’ (சூப்பர் ஸ்போர்ட்) சின்னம் இருந்தால் அது அசல் எஸ்எஸ்.
உண்மை: சின்னத்தைக் கடையில் வாங்கித் திருகிவிடலாம். 1964, 1965 ஜிடிஓவும், 1969 முதல் வந்த ஷெவெல் எஸ்எஸ்ஸும் கூடுதல் விலைக்குச் சேர்த்துக்கொள்ளும் தொகுப்புகளாகவே விற்கப்பட்டவை. இவற்றின் சேஸிஸ் எண்ணை மட்டும் பார்த்து அசலா போலியா என்று சொல்ல முடியாது. தொழிற்சாலை ஆவணம் இல்லையென்றால் சாதாரண வண்டியின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். மீட்டரில் 43,000 மைல் என்று இருப்பதும் சான்று அல்ல. அந்தக்கால மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஓடும்.

நம்பிக்கை: ஈயம் கலந்த பெட்ரோல் இல்லாமல் எஞ்சின் கெட்டுவிடும்.
உண்மை: கடினப்படுத்தாத வால்வு இருக்கைகள் நெடுஞ்சாலையில் வெகுநேரம் விரட்டினால் தேயும் என்பது சரி. எஞ்சினைப் பிரிக்கும்போது கடினமான இருக்கைகளைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது, இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலில் இற்றுப்போகும் பழைய ரப்பர் குழாய்களை.

நம்பிக்கை: ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், எல்லாம் நாமே பார்த்துக்கொள்ளலாம்.
உண்மை: பார்க்கலாம், அடிக்கடி பார்க்கவும் வேண்டும். பாயின்ட் இடைவெளி, கார்புரேட்டர் சோக், கிரீஸ் எல்லாம் தவறாமல் ஆள் கேட்கும். இன்றைய பிளக் 1,00,000 மைல்வரைகூடத் தாங்குகிறது. காலை எட்டு மணி வேலைக்குப் போகிறவர் பனிக்காலத்தில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்க முடியுமா என்று அவரே சொல்லட்டும்.

இனி ‘மாற்றிக்கொள்ளலாமா’ என்ற கேள்விக்கு வரலாம். மாற்றிக்கொள்ளக் கூடாது. காரணம் ஆசைக்கு எதிரானதல்ல, கணக்கு சம்பந்தப்பட்டது. பழைய கார்களுக்கென்று மலிவாகக் கிடைக்கும் சேகரிப்புக் காப்பீட்டின் நிபந்தனைகளைப் படித்தால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: வண்டி பூட்டிய கராஜில் நிற்க வேண்டும், வேலைக்குத் தினசரி ஓட்டக் கூடாது, அன்றாடத்துக்கு வீட்டில் வேறொரு வண்டி இருக்க வேண்டும். கேம்ரியை விற்றவுடன் கடைசி நிபந்தனை உடைந்துவிடுகிறது. ஒரு காலனுக்கு 10 முதல் 14 மைல் போகும் வண்டிக்குப் பெட்ரோல் போட்டுத் தினமும் ஓடவும் வேண்டியிருக்கும். நம்பகமான வண்டியை வைத்துக்கொண்டே, பணம் சேர்ந்த பிறகு, இரண்டாவதாக வாங்குவதுதான் வழி. பணம் இப்போது இல்லையென்றால் இப்போது வாங்க வேண்டாம்.

வாங்கும் நாளில் ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போக வேண்டும். கதவுக்குக் கீழும் பின்சக்கரத்தின் மேல்வளைவிலும் வைத்துப் பார்த்தால், அது ஒட்டாத இடத்தில் துருவை மறைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். பழைய மஸ்டாங் என்றால் முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு உள்ளே கால்வைக்கும் இடம் நனைகிறதா என்று பார்க்க வேண்டும். நனைந்தால் அது பெரிய டிங்கரிங் வேலை.

பெயின்டுக்கும் சக்கரத்துக்கும் செலவு செய்வதற்கு முன் மூன்று வேலைகளை முடிக்க வேண்டும்: இரட்டை மாஸ்டர் சிலிண்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், மூன்றுமுனை சீட் பெல்ட். இவற்றில் மூன்றாவதைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள், அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது. வால்வோ பொறியாளர் நில்ஸ் போலின் 1959இலேயே செய்து கொடுத்த பொருள் அது. முன்சீட்டில் அதை அணிந்தால் சாகும் அபாயம் சுமார் 45 சதவீதம் குறைகிறது என்பது அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. 1968 முதல் 1973 வரையிலான வண்டிகளில் பெரும்பாலும் தோள் பட்டை தனியாகக் கூரையில் செருகி வைத்திருக்கும். பலர் அதைத் தொடவே மாட்டார்கள். தானாகச் சுருளும் இன்றைய வகை 1974 மாடல்களில்தான் கட்டாயமானது. பின்சீட்டுக்கோ 1990 மாடல்கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே ஒரு மசில் காரின் பின்சீட்டில் இருப்பது, இருந்தால், இடுப்புப் பட்டை மட்டும். மோதலில் குழந்தையின் உடல் அந்தப் பட்டையின்மேல் மடங்கும்போது வயிற்று உறுப்புகளும் முதுகெலும்பும் அடிபடுகின்றன என்பதை மருத்துவர்கள் பல்லாண்டுகளாகப் பதிவு செய்திருக்கிறார்கள். குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிகளும் அந்த வண்டிகளில் கிடையாது. அசல் கெட்டுவிடும் என்று சொல்லி பெல்ட் போட மறுப்பவர்கள், அதே வண்டிக்குப் புது ஸ்டீரியோ மாட்டத் தயங்குவதில்லை.

பட்டையைத் தகட்டில் துளையிட்டு மாட்டினால் மோதலில் பிய்த்துக்கொண்டு வரும்; உள்ளே கனமான இரும்புத் தகடு பற்றவைத்து அதில்தான் போல்ட் ஏற்ற வேண்டும். வாங்குவதற்கு முன்பே இந்த வேலை தெரிந்த பட்டறைக்காரரிடம் வண்டியைக் காட்டிவிடலாம். பின்சீட்டில் மூன்றுமுனை பெல்ட் போட வழியில்லை என்று அவர் சொன்னால், சனிக்கிழமை ஊர்வலத்துக்குப் பெரியவர்கள் ஜிடிஓவில் போகட்டும். பிள்ளைகள் பின்னால் கேம்ரியில் வரட்டும்.